கார்க் மிதக்கும்

அம்மா அரைத்தால் நுரை வராது. ஆய்வகத்தில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

மற்றவர்கள் ஈரலையோ தசையையோ அரைக்கும்போது கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணாடித் தண்டு கிறீச்சிடும். அவசரப்பட்டு மேலே இழுப்பார்கள். காற்று உள்ளே போய் நுரை பொங்கும். பெரிய மேடம் தன் அறையில் இருந்தபடியே, "யாருப்பா அங்கே சோடா கலக்கறது?" என்று கேட்பார். நுரைத்தால் புரதம் கெட்டுவிடும், அத்தனை வேலையும் பாழ். அம்மா பனிக்கட்டி வாளியில் குழாயைப் பாதி புதைத்து, தண்டை முறுக்கியபடியே இறக்குவாள். பிறகு தூங்குகிறவர்கள் மூச்சு விடுவதுபோல் மெல்ல மேலே கொண்டுவருவாள். அரைத்து முடித்ததும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் ஒரு கர்வம் வரும்.

"உங்க அம்மா கைக்கு இன்சூரன்ஸ் போடணும்" என்பார் எலி மாமா. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆய்வகத்தின் எலிகளை வளர்ப்பதும், ஆழ்குளிர்ப் பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருப்பதும் அவர் வேலை. அவர் மேல் எப்போதும் மரத்தூள் வாசனை அடிக்கும்.

நான் இதையெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்ப்பேன். ஆய்வகத்தை ஒட்டி ஊழியர்கள் டீ குடிக்கும் அறை ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே பெரிய கண்ணாடி. அம்மாவின் மேசை அந்தக் கண்ணாடிக்கு நேர் எதிரே. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை வீட்டில் தனியாக விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. மேடத்திடம் கேட்டு என்னை அங்கே உட்காரவைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தை நான் விட்டது படிப்பு வராமல் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. என் தொடைகள் முந்தின வருடத்திலிருந்தே என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தன. படியேற ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். தள்ளுகிறவர்கள் சிரிப்பார்கள். அதைவிட, சிரிக்காமல் தள்ளுகிறவர்களைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்தவள், திரும்பி இறங்கி வந்துவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டறேன். என் பொண்ணு படிக்கிற இடத்துல ஒண்ணு இல்ல" என்று அப்பா சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்குள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து எனக்குப் பல்லி என்று பெயர் வைத்ததும் அவர்தான். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெயருக்குச் சிரித்துப் பழகியிருந்தோம்.

அம்மாதான் எனக்கு அரைப்பதன் அர்த்தத்தைச் சொன்னாள்.

"ஒரு ஈரலை எடுத்துக்கோ. இந்த ஓரம் ஒரு மாதிரி, அந்த ஓரம் வேற மாதிரி. இங்கே கிள்ளிப் பார்த்தா ஒரு பதில், அங்கே கிள்ளிப் பார்த்தா இன்னொண்ணு. நல்லா அரைச்சுட்டா எந்த மூலையில சொட்டு எடுத்தாலும் ஒரே பதில் சொல்லும்."

"அப்போ ஈரல் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலடி. எல்லாம் அதுலயேதான் இருக்கு. ஆனா அது எப்படி இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அரைத்ததைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுத்தால் மூன்றாகப் பிரியும் என்பதையும் அவள்தான் காட்டினாள். சக்கையெல்லாம் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் தெளிவான நீர். மேலே வெள்ளையாக, பாலாடை மாதிரி ஒரு படலம். "அது கொழுப்பு. எந்த உடம்புல எடுத்தாலும் இதே வெள்ளைதான்" என்று, டீ குடிக்க வந்தபோது, உள்ளே மேசையிலிருந்த குழாயைக் கண்ணாடி வழியே காட்டி விளக்கினாள்.

எனக்கு என்ன நோய் என்று பார்க்கத் தொடையிலிருந்து தசை எடுத்தபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள். எடுப்பது ஒரு நகத்தளவுதான், ஆனால் மரத்துப்போக ஊசி போட்டும் எனக்கு வலித்தது. இழுக்கும்போது, உடம்புக்குள்ளிருந்து ஒரு நூலை உருவுவதுபோல் இருந்தது. அலறக்கூடாது என்று அம்மாவின் கட்டைவிரலைக் கடித்தேன். அந்தப் பல் தடம் அவளுக்குப் பல நாள் இருந்தது.

ஒரு பாதியை அம்மாவே அரைத்தாள். அதிலிருந்து, இந்த நோய் இல்லை, அந்த நோயும் இல்லை என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. அதற்கு மற்ற பாதியை அரைக்காமல், முழுசாக, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். இழைகள் எப்படிப் படுத்திருக்கின்றன, எங்கே அறுந்திருக்கின்றன என்பதில்தான் பதில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த டாக்டர் வருடத்தில் இரண்டு முறை மட்டும் வருவார். நாங்கள் வீட்டில் அவரைச் சீவல் டாக்டர் என்போம்.

அவர் வரும்வரை அந்தப் பாதி காத்திருக்க வேண்டும். சீவுவதற்கு வசதியாக, தசைத் துண்டை வட்டமான ஒரு கார்க் வில்லையின் மேல் பசை வைத்து நிறுத்தி உறையவைப்பார்கள். அந்த வில்லையை அம்மா, தசை எடுப்பதற்கு முந்தின நாளே எனக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"உன் துண்டுக்கு நாற்காலி. உனக்கு உட்கார இடம் வேணும்ல."

நான் அதன் அடியில் பென்சிலால் ஒரு பல்லி வரைந்தேன். மை என்றால் குளிரில் உரிந்து போகும், பென்சில் நிற்கும் என்று அம்மா சொன்னாள். வால் மட்டும் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

"இது இருக்கிற வரைக்கும் இன்னொரு தடவை உன்னை வெட்ட மாட்டாங்க. அம்மா பார்த்துக்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம் நான் கண்ணாடி வழியே பார்க்கும்போதெல்லாம் அந்த ஆழ்குளிர்ப் பெட்டியையும் ஒரு முறை பார்ப்பேன். அதற்குள் மேல்தட்டில் நான் இருக்கிறேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சீவல் டாக்டர் வர இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, ஒருநாள் அம்மா தசை அரைத்தாள். மதிய இடைவேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் வெள்ளிக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்று கத்தியால் எதையோ பெயர்த்தாள். பிறகு திரவ நைட்ரஜன் ஊற்றினாள். வெண்புகை மேசையிலிருந்து வழிந்து தரைக்கு இறங்கியது. புகைக்குள் அவள் சுத்தியலால் தட்டினாள். தசை நார் நாராக இருக்கும், நேராகக் குழாயில் போட்டால் அரைபடாது. முதலில் உறையவைத்துப் பொடிக்க வேண்டும்.

பொடியைக் குழாயில் போட்டு அரைக்க ஆரம்பித்தாள். நான் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் அரைத்ததுபோல் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாக. தண்டு இறங்கும்போது நான் மூச்சை இழுத்தேன், ஏறும்போது விட்டேன். அவளோடு சேர்ந்து நானும் அரைப்பதுபோல் இருந்தது. என் அம்மா எவ்வளவு அழகாக வேலை செய்கிறாள் என்று நினைத்தேன்.

சுழற்றி எடுத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கினாள். வழக்கமான கர்வம் முகத்தில் இல்லை. மேலே ஏதோ ஒரு துகள் மிதந்தது, மிளகை நுணுக்கிய ஒரு சில்லுபோல, பழுப்பாக. அவள் அதை உறிஞ்சுகுழலின் நுனியால் சட்டென்று எடுத்து, கையுறையில் துடைத்து, கையுறையைக் கழற்றிப் போட்டாள்.

டீ குடிக்க வந்தவளிடம் கேட்டேன். "மேல என்னம்மா மிதந்துச்சு?"

"கொழுப்பு" என்றாள். டம்ளரை வாயருகே வைத்தபடி, குடிக்காமல்.

அன்று சாயங்காலம் எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் பெரியவளான பிறகு அவள் தலை வாரிவிடுவதில்லை. "என்ன திடீர்ப் பாசம்?" என்று அப்பா கேட்டார். "ஏன், என் பொண்ணுக்கு நான் வாரக்கூடாதா?" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆழ்குளிர்ப் பெட்டியின் கதவு சரியாக மூடாமல் கிடந்து, மேல்தட்டில் இருந்தவை இளகிப்போயின. கடைசியாகத் திறந்தவர் எலி மாமா. இளகியதையெல்லாம் பொட்டலம் பிரித்து, கிருமிநாசினி வாளியில் கொட்டி அப்புறப்படுத்தினார்கள்.

சீவல் டாக்டர் வந்தார். மெலிந்த மனிதர், குரல் மட்டும் பெரிது. நான் டீ அறையில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா பெட்டியைத் திறந்தாள், தேடினாள், டீ அறை வாசலுக்குத் திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னாள்: "அன்னைக்குக் கதவு திறந்து கிடந்துச்சே, மேல்தட்டு. அதோட போயிருக்கும்."

மேடம் எலி மாமாவை ஆய்வகத்துக்குள் கூப்பிட்டார். கண்ணாடி வழியே எனக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. மாமாவின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது தெரிந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாமா என்னிடம் வந்தார். எப்போதும் வந்தவுடன் ஏதாவது கிண்டல் செய்வார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"பல்லி, மாமாவை மன்னிச்சுடும்மா."

"பரவாயில்ல மாமா."

"பரவாயில்லைன்னு சொல்லாத. உன்னை மறுபடி வெட்டணும்கறாங்க. எலிக் கூண்டைச் சாத்தினேனான்னு நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். இதைப் போய் விட்டிருக்கேன்." கைகளைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணுதான் புரியல. அன்னைக்கு வாளியில கொட்டினதை நான்தான் கிளறிப் பார்த்தேன். கறியெல்லாம் அடியில போயிடும், சரி. உன் துண்டு கார்க்லதானே இருந்துச்சு? கார்க் மிதக்கணும்ல. ஒண்ணும் மிதக்கல. நீ வரைஞ்ச பல்லியைக் காணோம். என் கண்ணும் போச்சோ என்னவோ."

அவர் எழுந்து போய்விட்டார். நான் அங்கேயே இருந்தேன்.

கொழுப்பு வெள்ளையாக இருக்கும். எந்த உடம்பில் எடுத்தாலும்.

அதற்கு மேல் நான் யோசிக்க விரும்பவில்லை, ஆனால் யோசனை என்னைக் கேட்கவில்லை. பொட்டலம். முதுகு. கத்தியால் பெயர்த்தது. உறைந்த தசையைப் பெயர்க்கும்போது கார்க்கில் ஒரு சில்லும் கூடவே வந்திருக்கும். என்னையே அவள் புகைக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டினாள். நான் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, அவள் கை ஏறி இறங்கும் அழகைப் பார்த்து, அவளோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் அவள் என் தோளைச் சுற்றிக் கை போட்டாள். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

சமையலறையில் அவள் காய் நறுக்க உட்கார்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, கொழுப்பு வெள்ளையாத்தானே இருக்கும்?"

"ஆமா. ஏன்?"

"அன்னைக்கு மிதந்தது பழுப்பா இருந்துச்சு."

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை. நறுக்கிய துண்டுகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள், தேவையில்லாமல் மறுபடி ஒதுக்கினாள்.

"நீதானே அரைச்சே?"

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நம்பியிருப்பேன்.

"சீவல் டாக்டர் போன்ல பேசினார்" என்றாள். "முதல் பாதியோட முடிவைப் பார்த்துட்டு. அவருக்கு ஒரு சந்தேகம் இருக்காம். அதுவா இருந்தா காலோட நிக்காதாம். கை, அப்புறம் மூச்சு. சீவிப் பார்த்தா உறுதியாத் தெரிஞ்சுடும்னார். ரொம்ப சாதாரணமாச் சொன்னார்டி, பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி."

"அதுக்கு?"

"பேர் தெரியாத வரைக்கும் நீ பல்லிதான். தெரிஞ்சுட்டா தினமும் உன்னைப் பார்க்கும்போது அந்தப் பேரைத்தான் பார்ப்பேன். என்னால முடியாது."

"தூக்கிப் போட்டிருக்கலாமே. ஏன் அரைச்சே?"

அவள் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். "உன்னைக் குப்பையில போடச் சொல்றியா? அந்தக் கூழ் பத்திரமா இருக்கு. வேற பேர் எழுதி வெச்சிருக்கேன். நல்லாத்தான் அரைச்சேன். ஒரு பொட்டு நுரை இல்ல."

அதைச் சொன்னபோது அவள் குரலில் அந்தக் கர்வம் கொஞ்சம் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என் தசை அது. என் கால். வலிச்சது எனக்கு. தெரியணுமா வேண்டாமான்னு என்கிட்ட கேட்டியா?"

"நீ சின்னப் பொண்ணு."

"வெட்டும்போது மட்டும் பெரிய பொண்ணு, அழக்கூடாதுன்னு சொன்னே."

அப்பா கூடத்தில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். அம்மாவிடம், "எனக்காவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் என்னிடம், "உட்காரும்மா, கால் நடுங்குது பாரு" என்றார். நான் உட்காரவில்லை.

"எலி மாமா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரும்மா. நீ பக்கத்துலதானே நின்னே?"

"சொன்னா வேலை போயிடும்."

"அவருக்கு மட்டும் வேலை இல்லையா? நாளைக்கு நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லுவேன்."

நான் அதற்கு முன்னால் அம்மாவிடம் அப்படிப் பேசியதில்லை. யாரிடமுமே பேசியதில்லை. பேசி முடித்ததும் சுவர் ஈரமாக இருந்தது. என் உள்ளங்கை வியர்த்திருந்தது.

மறுநாள் அம்மா மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. வேலை போகவில்லை. மனிதர்களின் மாதிரிகளை இனி அவள் தொடக்கூடாது, எலி ஈரல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். எலி மாமா அன்று முழுக்க அம்மாவின் மேசைப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு போல" என்று மட்டும் சொன்னார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சீவல் டாக்டர் ஊர் திரும்பும் முன்பே மற்ற தொடையில் வெட்டலாம் என்றார்கள். முதலில் வெட்டிய இடத்தில் எடுக்க இனித் தசை போதாது. "உனக்குச் சம்மதமா?" என்று அந்தப் பெரிய குரல் என்னைப் பார்த்தே கேட்டது. அதுவரை எல்லோரும் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டிருந்தார்கள். "சம்மதம். பேர் தெரிஞ்சதும் என்கிட்டயும் சொல்லணும்" என்றேன்.

எலி மாமா புதிய கார்க் வில்லையும் பென்சிலும் கொண்டுவந்தார். "வரைஞ்சு குடு."

"வேண்டாம் மாமா. என் பேரை எழுதிடுங்க. அது போதும்."

இந்த முறையும் மரத்துப்போக ஊசி போட்டார்கள், இந்த முறையும் வலித்தது. அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். கிரீஸ் போகாத விரல்கள். கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அம்மா நின்றாள், நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்து. உள்ளே வரட்டுமா என்று அப்பா கண்ணால் கேட்டார். நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

சில நாளில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அம்மா அரைக்கிற வேலை பாதியில் இருக்கிறது என்று சொல்லி வரவில்லை. அப்பாவும் நானும் போனோம். அவர் பெரிய திரையில் என் தசையைக் காட்டினார். இளஞ்சிவப்பில், கூழாங்கல் பாவிய தரை மாதிரி இருந்தது. இடையிடையே கற்கள் பெயர்ந்த இடங்கள். பெயரைச் சொன்னார். அது எப்படி நடந்துகொள்ளும், எது முதலில் போகும், எதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். அப்பா கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டார். நான் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நீளமான பெயர். சொல்லச் சொல்ல, பயம் குறையவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு இப்போது ஒரு ஓரம் இருந்தது, அது முடியும் இடம் தெரிந்தது. அதுவரை ஓரமே இல்லாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மா கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் சாப்பாடு போட்டாள். தொடையில் போட்ட கட்டு நனையாமல் துணி மாற்றிவிட்டாள். மேடத்துக்கு ஜலதோஷம் என்றாள். புது எலிகள் வந்திருக்கின்றன என்றாள். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றாள். அப்பா இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். அவள் உடனே எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பெயர் என் நாக்கிலேயே இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால் சொல்வேன் என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான் என் அறைக்குப் போக எழுந்தேன். இரண்டு தொடையும் இப்போது வலித்தன. அம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள். அந்தக் கட்டைவிரலில் என் பல் தடம் மறைந்துவிட்டிருந்தது.

"வேண்டாம். சுவர் போதும்" என்றேன்.